பவர் போச்சு

எங்கள் ஊரில் பவர் என்ற சொல்லுக்கு நான்கு பொருள் உண்டு. மின்சாரம், மூக்குக்கண்ணாடியின் எண், அம்மனின் சக்தி, பணக்காரரின் செல்வாக்கு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு ஐந்தாவதாக ஒரு பொருளும் தெரியும். அது இல்லாமலே ஊர் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஹெலிகாப்டர் வந்து விழுந்த பிறகு அந்த ஐந்தாவது பொருளுக்கு அவசரமாக வேலை வந்துவிட்டது. என் மருமகனின் வேலை நிலைப்பதும் போவதும் அதில் மாட்டிக்கொண்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாராவது நடுவில் புகுந்து பேச்சை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரில் பாதிப் பெண்கள் ஒரே ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். என் மகளும் அங்கேதான், தையல் பிரிவில் சூப்பர்வைசர். அவளும் மருமகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அந்தக் கம்பெனி முதலாளியின் உபயம், ஹெலிகாப்டரில் வந்து கோபுரத்தின் மேல் பூ தூவுவது. பக்கத்து ஊர்களில் இரண்டு கோயிலில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். நம் ஊர் கம்மியாகப் போகக் கூடாது என்று விழாக் குழுவில் பேசிக்கொண்டார்கள்.

இறங்குவதற்குப் பார்த்த இடம் என் வீட்டின் பின்சுவரை ஒட்டிய களம். மூடிக் கிடக்கும் ஒரு டேனரியின் தோல் காய வைக்கும் களம் அது. தரை கெட்டி, மரம் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் மின்கம்பி போகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து களத்தின் கோடி வரைக்கும் ஏழு கம்பங்கள். விழாவுக்கு முன்னால் பைலட் காரில் வந்து களத்தைச் சுற்றிப் பார்த்தார். தலைப்பாகை இல்லாத வடநாட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். கம்பியைப் பார்த்ததும் முதலாளியிடம் ஏதோ சொன்னார். இதை மாடியிலிருந்து பார்த்தேன். இன்ன வார்த்தை சொன்னார் என்பது காதில் விழவில்லை. விழுந்திருந்தால் பின்னால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

என் மருமகன் மின்வாரியத்தில் லைன்மேன் வேலை பார்க்கிறார். நிரந்தரம் இல்லை, ஒப்பந்த ஆள். கம்பம் ஏறுவது என்னவோ நிரந்தரக்காரர்களைவிட இவர்தான் ஜாஸ்தி. விழாவுக்கு முந்தைய நாள் செக்‌ஷன் ஆபீஸ் இன்ஜினியர் இவருக்குப் போன் பண்ணினார். ஹெலிகாப்டர் வரும்போதும் போகும்போதும் அந்த லைனை ஆஃப் பண்ணிவிடு என்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. இந்த மாதிரிச் சின்ன வேலைகளுக்கு யாரும் எழுதித் தருவதில்லை.

அன்று காலை நான் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். களத்தைச் சுற்றி இருந்த கூட்டத்தை நானூறு வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் விட்டுவிட்டேன். ஹெலிகாப்டரில் மூன்று பேர். பைலட், முதலாளி, பூக்கூடையோடு பூசாரி. புறப்பட்டது நன்றாகவே புறப்பட்டது. கோபுரத்தை மூன்று சுற்றுச் சுற்றிப் பூவைக் கொட்டியது. பாதி பூ பாலாற்று மணலில் விழுந்தது என்று அப்புறம் சொன்னார்கள். திரும்பி வரும்போது கூட்டம் எழுந்து நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தது. என் மருமகன் டிரான்ஸ்பார்மர் சுவிட்சை இறக்கினார். எங்கள் வீட்டு ஃபேன் நின்றது கீழேயிருந்து கேட்டது, ஃபிரிட்ஜும் ஒரு முனகலோடு அடங்கியது.

ஹெலிகாப்டர் ஒரு தென்னை மர உயரத்துக்கு இறங்கியிருக்கும். சத்தம் மாறியது. மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு இழுவைச் சத்தம் வருமே, அதே மாதிரி. களத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சத்தம் அது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, வால் போய் மின்கம்பியில் அடித்து, கம்பி அறுந்து, கல்லைப் போட்டது போலத் தரையில் உட்கார்ந்து இடது பக்கமாகச் சாய்ந்தது. மேலே சுழன்ற இறக்கை தரையில் மோதித் துண்டுகளாகச் சிதறியது. ஒரு துண்டு எங்கள் பின்சுவரில் வந்து அடித்த இடத்தில் இப்போதும் காரை பெயர்ந்திருக்கிறது. தீப்பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் நாற்றம் மாதிரி ஒன்று எழுந்தது. கூட்டம் முதலில் பின்னால் ஓடியது, பிறகு முன்னால் ஓடியது. அறுந்து கிடந்த கம்பியை மிதித்துக்கொண்டும் தாண்டிக்கொண்டும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடி மூன்று பேரையும் வெளியே இழுத்தார்கள். கம்பியில் கரண்ட் இருந்திருந்தால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் கதி என்ன என்று யோசித்தவன் அன்று ஊரில் நான் ஒருவன்தான். மருமகன் யோசித்திருப்பார், சொல்லவில்லை.

முதலாளிக்குக் கணுக்கால் முறிவு. பூசாரிக்கு வெளிக்காயம் எதுவும் இல்லை, நாக்கை மட்டும் நன்றாகக் கடித்துக்கொண்டுவிட்டார். மந்திரம் சொல்ல முடியாமல் மிச்சக் கும்பாபிஷேகத்தை அவர் தம்பி நடத்தினார். பைலட்டுக்கு முதுகெலும்பில் அடி. அவரை இழுத்தவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டு பாய். டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என் தோஸ்த். தோளைப் பிடித்து இழுக்கும்போது பைலட் இந்தியில் ஒன்றையே திரும்பத் திரும்ப முனகியிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் இன்னா பாய் சொல்றாரு என்று கேட்க, உருது தெரிந்த பாய் வார்த்தை பிசகாமல் தமிழில் சொல்லிவிட்டார்.

"பவர் போச்சு, பவர் போச்சுன்னு சொல்றாரு."

அவ்வளவுதான். அந்த நேரம் ஊரில் யார் வீட்டிலும் பவர் இல்லை. எல்லாருக்கும் கணக்கு நேராகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் டீக்கடையில் முடிவே ஆகிவிட்டது. லைனை ஆஃப் பண்ணியதால் ஹெலிகாப்டர் விழுந்தது. அது என்ன பிளக்கில் சொருகியா ஓடுகிறது என்று நான் கேட்டேன். டீக்கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சிக்னல் எதில் சார் வருகிறது, செல்போன் டவருக்குக் கரண்ட் வேண்டாமா, டவர் ஆஃப் ஆனால் அவன் எதைப் பார்த்து இறங்குவான் என்றார். டவரில் பேட்டரி இருக்கிறது என்றேன். பேட்டரி இருந்தால் பவர் போச்சு என்று அந்த ஆள் ஏன் சார் சொல்லணும் என்றார் இன்னொருவர். பதில் என்னிடம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. மறுநாள் ஒரு பத்திரிகையில் 'மின்தடையால் விபத்தா?' என்று தலைப்பு வந்தது. அந்தக் கேள்விக்குறியை யாரும் படிக்கவில்லை.

அதற்கும் மறுநாள் மருமகனை வேலைக்கு வர வேண்டாம் என்றார் இன்ஜினியர். நான் ஆபீசுக்குப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். ஹெலிகாப்டர் மின்சாரத்தில் ஓடாது என்பது அவருக்கும் தெரியும், படித்தவர். அதைச் சொன்னால் தலையாட்டினார். கம்பியில் கரண்ட் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றேன், அதற்கும் தலையாட்டினார். பிறகு, விழுந்தது எதனால் வேண்டுமானாலும் இருக்கட்டும், உத்தரவு இல்லாமல் லைனை ஆஃப் பண்ணியது தப்புத்தானே சார் என்றார். நீங்கள்தானே போனில் சொன்னீர்கள் என்று கேட்டேன். மேஜை மேல் இருந்த பேனாக்களை நேராக அடுக்கினார். எட்டுப் பேனா. நான் அப்படி யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார். மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள், அவருடைய பயம் அவருக்கு. ஆனால் அவர் பயத்துக்கு விலை என் மகள் வீடு.

முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். களத்தில் பைலட் தன்னிடம் என்ன கேட்டார், தான் இன்ஜினியரிடம் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியும். அவரைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேனேஜரைக் கேட்டால் முதலாளியை இப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்றார். களத்தில் இறங்க அனுமதி வாங்கியதில் ஏதோ குறை என்று பேச்சு, அதனால் அவர் எதிலும் வாய் திறக்க மாட்டார் என்று பாய் சொன்னார். மகள் அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அந்த மேனேஜர் முன்னால் தினமும் நடக்க வேண்டியிருந்தது. தையல் மெஷின் நின்றுபோனால் கூட, உன் வீட்டுக்காரரைக் கேளுக்கா, அவர் இங்கயும் ஆஃப் பண்ணிட்டாரா என்று பெண்கள் சிரிக்கிறார்களாம். கோபத்தில் சொல்வதில்லை, அதனால் பதிலும் சொல்ல முடியவில்லை என்றாள்.

மருமகன் வீட்டிலேயே கிடந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. காலையில் வழக்கம் போல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசல் வரை போய், நினைவு வந்ததும் உள்ளே வந்து கழற்றுவார். இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கக் கூடாது என்று மாடிக்குப் போய்விட்டேன். ஒப்பந்த ஆளை நிறுத்துவதற்கு விசாரணை கூட வேண்டாம், அடுத்த பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் முடிந்தது. கம்பத்தில் கழித்த வருடங்கள் கணக்கில் வராது.

விபத்தை விசாரிக்க வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்து உடைந்த வண்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இறங்கும் தறுவாயில் எஞ்சினின் பவர் குறைந்ததுதான் காரணமாக இருக்கும், ஏன் குறைந்தது என்று எஞ்சினைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று அவர்களில் ஒருவர் சொன்னது ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். இனிமேலாவது பவர் என்ற சொல்லே வேண்டாம், அதனால்தானே இந்த வினை என்று முடிவு செய்து, பாடப் புத்தகத்தில் உள்ள சொல்லையே எடுத்தேன். எஞ்சின் திறன் இழந்துவிட்டது, அதுதான் காரணம், திறன் போதாமல் கீழே வந்துவிட்டது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அன்று வகுப்பு எடுத்த திருப்திகூட எனக்கு இருந்தது. கடையில் ஒரு டிவி சேனல்காரப் பையனும் மைக்கோடு உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். அதை நான் கவனிக்கவில்லை.

ராத்திரி செய்தியில், பைலட்டுக்குத் திறன் போதவில்லை என்று ஊர் மக்கள் குற்றச்சாட்டு என்று ஓடியது, சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்ற குறிப்போடு.

பாய் சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். "வாத்தியாரே, டிவி பாத்தியா? நான் பவர்னு சொல்லி உன் மாப்ளய கவுத்தேன். நீ திறன்னு சொல்லி பைலட்ட கவுத்துட்ட. ரெண்டு பேரும் வாய மூடிக்கினு இருந்தா ஊரு நல்லா இருக்கும்."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஏனென்றால் மிச்சமிருந்த ஒரே வழி பைலட்தான். கம்பியை ஆஃப் பண்ணச் சொல்லிக் கேட்டது அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் வாயால் அது வந்தால், கேட்டது உண்மை, கேட்டதால் உத்தரவு போனது உண்மை என்று ஆகும். மருமகன் தன்னிஷ்டத்துக்குச் செய்யவில்லை என்பது நிற்கும். அவர் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். விசாரணைக்காரர்கள் அவரிடம் வாக்குமூலம் வாங்க இரண்டு நாளில் வருவதாகப் பேச்சு. அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று விடிந்ததும் மருமகனையும் பாயையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பாய் பேசுவதற்கு. மருமகன் வரமாட்டேன் என்றார், மகள் ஒரு பார்வை பார்த்தாள், வந்தார்.

பார்வையாளர் நேரத்துக்காகத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது மேலே ஓடிய ஃபேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறில் மூன்று ஓடவில்லை. மருமகனும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்புறம் தெரிந்தது. கெபாசிட்டர் போயிருக்கும் மாமா என்றார். அன்று முழுக்க அவர் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

பைலட் மல்லாந்து படுத்திருந்தார். மார்பிலிருந்து இடுப்பு வரை ஒரு கவசம். கழுத்தைத் திருப்ப முடியாததால் நாங்கள் கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நிற்க வேண்டியிருந்தது, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி. பாய் உருதுவில் நலம் விசாரித்தார். தன்னை இழுத்துப் போட்டவர் இவர் என்று தெரிந்ததும் பைலட்டின் முகம் இளகியது, நன்றி சொன்னார். எங்கள் ஊரிலிருந்து வருகிறோம் என்று பாய் சொன்னார். ஊர் பெயரைக் கேட்டதும் பைலட் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிறகு அவர் கேட்டதைப் பாய் எனக்குச் சொல்லாமல் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"இன்னா கேக்கறாரு?" என்றேன்.

"உங்க ஊர்ல ஒரு ஸ்கூல் மாஸ்டர் எனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு டிவில சொன்னாராமே, அது யாருன்னு கேக்கறாரு. டிவில ஓடினத நர்சம்மா படிச்சுக் காட்டிச்சாம்."

மருமகன் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டேன். அது நான்தான். ஆனால் நான் சொன்னது அது இல்லை. உங்கள் எஞ்சின் பவர் இழந்தது என்று சொன்னேன், ஊரில் பவர் என்றால் கரண்ட், அதனால் தமிழ்ச் சொல்லைப் போட்டேன், தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு பொருள் ஆளுடைய சாமர்த்தியம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே வெட்கமாகவும் அலுப்பாகவும் இருந்தது. ஒரு மனிதன் முதுகு உடைந்து கிடக்கிறான், அவனிடம் போய்ச் சொற்பொருள் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

பவர் என்றால் கரண்ட் என்பது அவருக்குப் புரியவில்லை. பாய் எடுத்துச் சொன்னார். நீங்கள் பவர் போச்சு என்று சொன்னீர்கள், நான் அதைச் சொன்னேன், ஊரே கரண்ட் போனதால் நீங்கள் விழுந்ததாக நினைத்துவிட்டது, அதனால் லைனை ஆஃப் பண்ணின இந்தப் பிள்ளைக்கு வேலை போகப் போகிறது. பைலட் முதலில் நம்பவில்லை. பாயை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கிறது, வலியில் முனகுகிறார், முனகிவிட்டு மறுபடி சிரிக்கிறார். நர்ஸ் வந்து எங்களை முறைத்தாள். நாங்கள் மூவரும் சிரிக்காமல் நின்றோம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடங்கியதும் அவர் சொன்னார், கம்பெனி அவரை எதுவும் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. விசாரணை முடியும் வரை விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. லைசென்ஸ் அதில் இருக்கிறது. அவருக்கும் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களைப் பார்த்துப் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுந்து நிற்க முடியுமா என்றே தெரியாத நேரத்தில் வேலையையும் விட முடியாது. பாய் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கு வந்த வழியே திரும்பிவிடலாம் என்று தோன்றிவிட்டது. யாரைப் பார்த்தாலும் அவரவர் வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிடிக்க ஒன்றும் இல்லாதவர் தலையில் மொத்தமும் இறங்குகிறது.

நான் கேட்டேன், விபத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், கம்பியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், களத்தைப் பார்க்க வந்த அன்று கம்பியை ஆஃப் பண்ணக் கேட்டீர்களா இல்லையா.

வால் கம்பியில் பட்டதா என்று பைலட் திடீரென்று பாயைக் கேட்டார். அவருக்கு அது நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை. பட்டது, அறுந்தது, அதை மிதித்துக்கொண்டுதான் உன்னைத் தூக்கினேன் என்றார் பாய். யார் ஆஃப் பண்ணியது என்று கேட்டார். மருமகன் கால்மாட்டிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்து அவர் கண்ணில் படும்படி நின்றார். கும்பிடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அந்த இடத்தில் எண்ணுவதற்கு எதையாவது தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

பைலட் இன்ஜினியரின் போன் நம்பரைக் கேட்டார்.

மருமகன் போட்டுக் கொடுத்தார், பாய் அவர் காதருகே பிடித்துக்கொண்டார், ஒலிபெருக்கியில். பைலட் ஆங்கிலத்தில் பேசினார். குரல் மெலிந்திருந்தாலும் விமானத்தில் அறிவிப்புச் செய்கிறவர்களுடைய நிதானம் அதில் இருந்தது. தன்னை இன்னார் என்று சொன்னார். கம்பியில் மின்சாரம் இருக்கக் கூடாது என்று கேட்டது நான், அது என் நடைமுறை என்றார். பிறகு அவர் சொன்னதை இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

"உங்கள் அலுவலகம் நல்ல ஒத்துழைப்புத் தந்தது. அதனால் மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம். நாளை அதிகாரிகள் வருவார்கள். மின்சாரத்தை நிறுத்த உத்தரவு கொடுத்த அதிகாரி யார் என்று கேட்டால், நான் யார் பெயரைச் சொல்லட்டும்?"

இன்ஜினியர் யோசிப்பது போன் வழியாகவே கேட்டது. தொண்டையைச் செருமினார். பிறகு தன் பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டியும் சொன்னார்.

பாய் போனை அணைத்துவிட்டுப் பைலட்டின் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். இதற்கு மேல் நாங்கள் நின்றால் நன்றாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. புறப்படும்போது அந்தத் திறன் விஷயத்தை டிவிக்காரர்களிடம் திருத்தச் சொல்கிறேன் என்றேன். பாய் அதை மொழிபெயர்த்தார் போலிருக்கிறது, பைலட் பதறிப் போய் வேண்டாம் என்று கையசைத்தார். தயவுசெய்து இனி ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டாமாம்.

அவர் எழுந்து நடந்தாரா, லைசென்ஸ் என்ன ஆயிற்று, எனக்குத் தெரியாது. பாய் இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்தார், எடுக்கவில்லை. எஞ்சின் ஏன் பவர் இழந்தது என்ற அறிக்கையும் என் கண்ணில் இன்னும் படவில்லை.

திரும்பும் பஸ் ஏறிவிட்டோம். ஜெயித்துவிட்டோமா என்பது புரியவில்லை. பெயரைச் சொன்னவர் நாளை காலை அதை மறந்துவிட்டேன் என்று சொல்லவும் கூடும். பள்ளிகொண்டா தாண்டுவதற்கு முன்னால் மருமகனின் போன் அடித்தது, இன்ஜினியர். எழுந்து நின்று பேசினார். சரிங்க சார் என்று நான்கு தடவை சொன்னார். கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தார். அணைக்கட்டு பக்கம் ஒரு புளியமரம் லைன் மேல் விழுந்திருக்கிறது, அங்கே ஆள் கம்மி, ஜீப் வந்து ரோட்டில் ஏற்றிக்கொள்ளும் என்றார். இறங்கிப் போய்விட்டார். காலையிலிருந்து அவர் ஒரு டீ மட்டும்தான் குடித்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்க மாப்ள என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மகள் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வருவதைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. சொன்னேன்.

"போன்ல இன்னாப்பா சொன்னாரு அந்த இன்ஜினியரு?"

"மரம் விழுந்திருக்குன்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"மன்னிப்பு, கின்னிப்பு?"

"மரம் விழுந்திருக்கு, வான்னாரு. அவ்ளோதான்."

அவள் அதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தது போல் நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சோற்றையும் குழம்பையும் கேரியரில் அடைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது பாய் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டிருந்தார்.

"பாய், ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்குதா? அணைக்கட்டு வரைக்கும் போகணும்."

பாய் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, உன் குடும்பத்தோட பெரிய பேஜாரா போச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே கழற்றிய செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.